கோல்ஃப் பந்தில் முகம்: உட்கருவைச் செதுக்கும் கைவினையின் வரலாறு

கோல்ஃப் பந்தின் வெள்ளை ஓட்டில் ஒரு பகுதியை வெட்டி நீக்கி, உள்ளே தெரியும் ரப்பர் உட்கருவில் மனித முகம் செதுக்குவது அமெரிக்க மரச்செதுக்குக் குழுக்களிடையே வளர்ந்த ஒரு கைவினை. வேலை முடிந்த பந்துக்குள்ளிருந்து ஒரு கிழவரோ மாலுமியோ கிறிஸ்துமஸ் தாத்தாவோ வெளியே எட்டிப் பார்ப்பார். முகத்தைச் சுற்றி வெட்டாமல் விட்ட ஓடு தொப்பியாகவோ தலைமுடியாகவோ முக்காடாகவோ நிற்கும். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர்தான், ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தின் அளவு. அதற்குள் நெற்றிச் சுருக்கம், கண்ணிமை, மூக்குத் துவாரம், மீசை, தாடி எல்லாம் அடங்கிவிடும்.

இதற்கான மூலப்பொருள் பெரும்பாலும் ஆட்டக்காரர் தொலைத்துவிட்டுப் போன பந்து. கருவி என்று வேண்டியவை ஒரு சிறு கத்தியும் இரண்டு மூன்று நகாசு உளிகளும். பணி ஓய்வு பெற்றவர்கள் பலர் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். கைவினைச் சந்தைகளில் விற்றுக் கைச்செலவுக்குச் சிறிது பணமும் பார்க்கிறார்கள். ஆனால் எல்லாக் காலத்துப் பந்திலும் முகம் செதுக்கியிருக்க முடியாது. தோலுக்குள் இறகு, கெட்டியான மரப்பால், இழுத்துச் சுற்றிய ரப்பர் நூல், வார்த்தெடுத்த திட ரப்பர் எனப் பந்து நான்கு பிறவி எடுத்திருக்கிறது. நான்காவது பிறவியில்தான் அதற்கு முகம் வாய்த்தது. ஆகவே இந்தக் கைவினையின் வரலாறு பந்தின் வயிற்றுக்குள் இருந்த பொருளின் வரலாற்றிலிருந்து தொடங்குகிறது.

தோலும் இறகும்

கோல்ஃப் ஸ்காட்லாந்தில் வேரூன்றிய ஆட்டம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அங்கே உயர்ந்த ரகப் பந்து என்றால் இறகுப் பந்துதான். படிகார நீரில் ஊறவைத்த மாட்டுத்தோலைத் துண்டுகளாக வெட்டித் தைப்பார்கள். தையல் உட்புறம் போகும்படி புரட்டிவிட்டு, ஓரிடத்தில் மட்டும் சிறு துளை விட்டுவைப்பார்கள். வேகவைத்த ஈர இறகை அந்தத் துளை வழியாக இரும்புக் கம்பியால் திணிக்க வேண்டும். கடைசிப் பிடி இறகை உள்ளே செலுத்தக் கைப்பலம் போதாது. கருவியின் கட்டையை மார்பில் பொருத்திக்கொண்டு உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்துவார்கள். ஒரு பந்துக்கு ஓர் உயரத் தொப்பி நிறைய இறகு வேண்டும் என்பது அக்காலத்துக் கணக்கு. தோல் காயக் காயச் சுருங்கும். இறகு உலர உலர விரியும். இந்த இரண்டு விசைகளும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதால் பந்து இறுகிக் கெட்டிப்படும்.

ஒரு தொழிலாளி ஒரு நாளில் மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் செய்ய இயலாது. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் ஆலன் ராபர்ட்சன் அக்காலத்தின் சிறந்த ஆட்டக்காரர்; பந்து செய்வதிலும் பேர் பெற்றவர். அவருடைய பட்டறையில் 1844ஆம் ஆண்டில் 2,456 பந்துகள் செய்யப்பட்டன. இறகுத் தூசியைச் சுவாசித்துப் பந்துத் தொழிலாளர் பலர் நெஞ்சு நோய்க்கு ஆளானார்கள். இவ்வளவு உழைப்பில் உருவான பந்து மழையில் நனைந்தால் கனத்துப்போகும். இரும்புக் கோலின் விளிம்பு பட்டால் தையல் பிரிந்து இறகு கொட்டும். இறகுப் பந்து கைவேலையின் உச்சம். எனினும் கத்தி வைத்துச் செதுக்க அதற்குள் ஏதும் இல்லை.

மரப்பால் பந்தும் சுத்தியலும்

மலாயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளரும் பலாக்கியம் என்ற மரத்தின் பாலிலிருந்து கிடைப்பது குட்டாபெர்ச்சா. நம் ஊர் இலுப்பை, மகிழம், சப்போட்டா ஆகியவையும் இந்த மரமும் ஒரே தாவரக் குடும்பம். வேதியியல் நோக்கில் ரப்பரும் குட்டாபெர்ச்சாவும் ஒரே மூலக்கூற்றுச் சங்கிலிதான். சங்கிலியின் கண்ணிகள் திரும்பியிருக்கும் பக்கம் மட்டும் வேறு. அந்த ஒரு வேறுபாட்டால் ரப்பர் இழுபடுகிறது. குட்டாபெர்ச்சா கெட்டியாக நிற்கிறது. வெந்நீரில் போட்டால் பிசையும் பதத்துக்கு இளகி, ஆறியதும் கொடுத்த வடிவில் இறுகிவிடுவது அதன் தனிக்குணம். மலாய் மக்கள் இதைக் கொண்டு கத்திப்பிடிகள் செய்துவந்தார்கள். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1843இல் இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பிய பிறகு ஐரோப்பா இதைக் கவனித்தது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இது பெருமளவில் பயன்பட்டது; அதற்காக மரங்கள் காடு காடாக வெட்டிச் சாய்க்கப்பட்டன. இன்றும் பல் மருத்துவர்கள் வேர்க்குழாய்ச் சிகிச்சையில் பல்லின் உட்குழியை அடைப்பது குட்டாபெர்ச்சாவால்தான்.

இது கோல்ஃப் பந்தாக மாறியது பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸில் இறையியல் படித்துக்கொண்டிருந்த ராபர்ட் பேட்டர்சன் வீட்டுக்குக் கிழக்கு நாடுகளிலிருந்து ஒரு விஷ்ணு சிலை வந்ததாம். வழியில் உடையாதிருக்க அதைச் சுற்றி குட்டாபெர்ச்சாத் துண்டுகளை அடைத்திருந்தார்களாம். பேட்டர்சன் அந்தத் துண்டுகளை இளக்கி உருட்டி 1845இல் பந்தாக்கினார் என்கிறது கதை. கதை எப்படி இருந்தாலும், 1848 அளவில் குட்டாபெர்ச்சாப் பந்து ஸ்காட்லாந்து ஆடுகளங்களில் இடம் பிடித்துவிட்டது. இறகுப் பந்தின் விலையில் ஒரு சிறு பங்குதான் இதற்கு. நசுங்கினால் வெந்நீரில் இளக்கித் திரும்ப உருட்டிக்கொள்ளலாம். இறகுப் பந்துத் தொழிலுக்கு இது சாவுமணி. ராபர்ட்சன் கடுமையாக எதிர்த்தார். அவரிடம் வேலை பழகிய டாம் மாரிஸ் புதுப் பந்தில் ஆடியது தெரியவந்தபோது இருவருக்கும் இடையே விரிசல் விழுந்தது. மாரிஸ் 1851இல் பிரெஸ்ட்விக் ஊருக்குப் போய்விட்டார். பின்னர் ராபர்ட்சனும் காலத்தோடு ஒத்துப்போனார்.

கோல்ஃப் பந்தின் மேற்பரப்பில் கைக்கருவி வேலை செய்யத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். புதிதாக உருட்டிய வழுவழுப்பான பந்து சிறிது தூரம் பறந்ததும் தலை குப்புற விழுந்தது. பல முறை அடிபட்டுத் தழும்பேறிய பழைய பந்தோ நேராகவும் நெடுந்தூரமும் பறந்தது. ஆடியவர்கள் இதைக் கண்ணால் கண்டுகொண்டார்கள். சொரசொரப்பான மேற்பரப்பு, பந்தை ஒட்டி ஓடும் காற்றைக் கலக்கிவிட்டுப் பின்னிழுப்பைக் குறைக்கிறது என்ற இயற்பியல் விளக்கம் பிறகு வந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸில் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவர் தம் சுத்தியலின் கூர்முனையால் பந்தைச் சுற்றிக் கொத்தி வரிகள் இட்டதாக ஆட்ட வரலாறுகள் கூறுகின்றன. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குக் கையால் கொத்திய பந்துதான் சிறந்தது என்ற நிலை நீடித்தது. நல்ல கைக்காரர் கொத்திய பந்தில் வரிகள் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில், பந்தைச் சுற்றிப் பிசகில்லாமல் ஓடும்.

1880 அளவில் வரிகள் வெட்டிய உலோக அச்சுகள் வந்தன. இளகிய மரப்பாலை அச்சில் வைத்து அழுத்தினால் கோலமும் பந்தும் ஒன்றாகவே உருவாகின. செதுக்கும் வேலை பந்தை விட்டு அச்சுக்கு இடம் மாறியது. கைவினைஞர் ஒரு தடவை அச்சில் வெட்டுவார். அது ஆயிரக்கணக்கான பந்துகளில் பதியும். 1890களில் முட்பழத்தின் மேற்பரப்பைப் போன்ற புடைப்புகள் கொண்ட பந்து பரவியது. புடைப்புக்குப் பதிலாகக் குழி என்ற இன்றைய வடிவத்துக்கு இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் டெய்லர் 1905இல் காப்புரிமை கோரினார். இன்றைய பந்து ஒன்றில் பொதுவாக 300 முதல் 500 வரை குழிகள் இருக்கின்றன.

ரப்பர் நூல் சுற்றிய பந்து

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரம் ரப்பர் தொழிலின் தலைநகரமாக இருந்தது. அங்கே 1898இல் கோபர்ன் ஹாஸ்கெல் என்பவரும் குட்ரிச் நிறுவனத்தைச் சேர்ந்த பெர்ட்ரம் வொர்க்கும் புதுவகைப் பந்தை உருவாக்கினார்கள். ஒரு சிறு உருண்டையைச் சுற்றி ரப்பர் நூலை இழுவிசையுடன் சுற்றி, மேலே குட்டாபெர்ச்சா ஓடு போடும் முறை அது. விரைவிலேயே நூல் சுற்றும் எந்திரமும் வந்தது. 1902இல் ஹாய்லேக்கில் நடந்த பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் சாண்டி ஹெர்ட் இந்தப் பந்தால் வென்ற பிறகு குட்டாபெர்ச்சாப் பந்தின் காலம் முடிந்தது. ஓட்டுக்கும் சில ஆண்டுகளில் தென்னமெரிக்க மரப்பாலான பலாட்டா வந்து சேர்ந்தது. இது மெத்தென்று இருப்பதால் பந்து நன்றாகச் சுழலும். ஆனால் கோலின் விளிம்பு தவறிப் பட்டால் வெட்டுப்பட்டுச் சிரிக்கும்.

நூல் சுற்றிய பந்து ஏறக்குறைய நூறு ஆண்டு ஆட்சி செய்தது. செதுக்குபவருக்கு அது பகை. ஓட்டை வெட்டியதும் கத்தி நுனி பட்ட இடத்தில் நூல் அறுந்து, இழுத்துக் கட்டிய ரப்பர் சரம் சரமாகத் தெறித்து அவிழும். முகம் செதுக்கக் கெட்டியான பரப்பே இராது. நடுவில் திரவம் அடைத்த பந்துகளில் ஆபத்தும் இருந்தது. சுற்றிய நூலின் அழுத்தம் முழுவதும் அந்தச் சிறு திரவப் பையின் மேல் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் பந்தை அறுத்த சிறுவர்களின் கண்ணில் திரவம் பீய்ச்சி அடித்துக் காயம் உண்டாக்கிய நிகழ்வுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. சில பந்துகளில் அடைத்திருந்தது அரிக்கும் தன்மை கொண்ட திரவம். பழைய நூல் பந்தைச் செதுக்க எடுக்கக் கூடாது என்பது இந்தக் கைவினையில் முதல் பாடமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

திட உட்கரு

மாற்றம் 1960களில் வந்தது. ஜேம்ஸ் பார்ட்ச் என்ற அமெரிக்க வேதியியலர் முழுப் பந்தையும் ஒரே செயற்கை ரப்பர்க் கட்டியாக வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதே காலத்தில் டூபாண்ட் நிறுவனம் சர்லின் என்ற பிளாஸ்டிக்கை அறிமுகப்படுத்தியது. உலோக அயனிகளால் பிணைக்கப்பட்ட இந்தப் பொருள் வெட்டுக்கும் அடிக்கும் எளிதில் மசியாது. திட ரப்பர் உட்கருவும் அதன்மேல் சர்லின் ஓடும் சேர்ந்த இரண்டடுக்குப் பந்து 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் சந்தைக்கு வந்தது. ஸ்பால்டிங் நிறுவனம் இதில் முன்னோடி. அதன் டாப்-ஃப்ளைட் பந்து சாதாரண ஆட்டக்காரர்களிடையே மிகவும் பரவியது.

இந்த உட்கருவின் அடிப்படை பாலிபியூட்டாடையீன் என்ற செயற்கை ரப்பர். அதனோடு துத்தநாக அக்ரிலேட், எடை கூட்டும் நிரப்பிகள், நிறமி ஆகியவற்றைக் கலந்து பெராக்சைடு சேர்த்துச் சூடான அச்சில் அழுத்துவார்கள். வேதிப்பிணைப்பு ஏற்பட்டுக் கட்டி இறுகும். தொழிற்சாலையில் ஒரு ரகத்தையும் மற்றொரு ரகத்தையும் பிரித்தறிய நிறம் உதவுவதால் உட்கரு மஞ்சளாகவும் பச்சையாகவும் நீலமாகவும் ஆரஞ்சாகவும் இருக்கும். ஆட்டக்காரர் இந்த நிறத்தைப் பார்ப்பதே இல்லை. செதுக்குபவருக்கோ பந்தின் முதல் செய்தி அதுதான்.

இரண்டடுக்குப் பந்தில் ஏறக்குறைய 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை முழுவதும் ஒரே சீரான பொருள். மரத்தில் வரி உண்டு. வரிக்கு எதிராகக் கத்தி போனால் சில்லு பெயரும், மூக்கு நுனி ஒடியும். ரப்பர் உட்கருவில் வரியே கிடையாது. எந்தத் திசையிலும் கத்தி ஒரேபோல் இறங்கும். கெட்டியாக இருந்தாலும் கூரான கத்திக்கு இணங்கும். வெட்டிய இடம் வழவழப்பாக நிற்கும். ஆடுகளத்துக்காக வேதியியலர் வடிவமைத்த பொருள், செதுக்குபவர் தேடும் குணங்களையும் கொண்டிருந்தது.

முகம் செதுக்கும் மரபு

பந்து ஆயத்தமான காலத்தில் அதைச் செதுக்கும் கைகளும் அமெரிக்காவில் ஆயத்தமாக இருந்தன. பேனாக்கத்தியால் மரத்துண்டைச் சீவி உருவம் செய்வது அந்த நாட்டில் பழைய பழக்கம். 1936இல் வெளியான இ. ஜே. டேங்கர்மனின் கைநூல் இதைப் படிப்படியாகக் கற்பித்தது. சிறுவர் சாரணர் இயக்கத்தில் கழுத்துத் துணிக்கு மாட்டும் வளையங்களில் முகம் செதுக்குவது தலைமுறைகளாகத் தொடர்ந்தது. 1953இல் ஒஹாயோவின் சின்சினாட்டியில் தேசிய மரச்செதுக்குநர் சங்கம் அமைந்தது. ஊர் ஊராக இருந்த குழுக்களை அதன் இதழ் ஒன்றோடொன்று இணைத்தது.

இன்னொரு கிளை கேலிச்சித்திரச் செதுக்கு. ஸ்வீடனின் டோடர்ஹூல்ட்டார்ன் எனப்படும் ஆக்செல் பீட்டர்சன் (1868–1925) குடியானவர்களையும் தெருக்காட்சிகளையும் பெரிய வெட்டுகளால் உயிரோடு செதுக்கிக் காட்டினார். ஸ்காண்டிநேவியக் குடியேறிகளோடு அந்தப் பாணி அமெரிக்கா வந்தது. ஆண்டி ஆண்டர்சன் அங்கே மாட்டுக்காரர்களையும் ஊர்ப் பெரிசுகளையும் மரத்தில் வடித்தார். 1990இல் கேலிச்சித்திரச் செதுக்குநருக்கென்று தனிச் சங்கமும் உருவானது. நீண்ட மூக்கு, புடைத்த கன்னம், தூங்குமூஞ்சி இமை என்று கோல்ஃப் பந்து முகங்களில் காணும் மிகை இந்தப் பள்ளியின் கொடை.

புழக்கப் பொருளில் முகம் செதுக்கிச் சிறு வரும்படி காண்பதற்கும் அங்கே முன்னோடி உண்டு. 1913 முதல் 1938 வரை அமெரிக்க அரசு வெளியிட்ட ஐந்து சென்ட் நாணயத்தில் ஒரு பக்கம் பூர்வகுடி மனிதரின் தலையும் மறுபக்கம் காட்டெருமையும் இருந்தன. தலை நாணயத்தை நிறைத்துப் பெரிதாக இருந்ததால், வேலை தேடி ரயிலேறி அலைந்த நாடோடித் தொழிலாளர்கள் அதை ஆணியாலும் சிற்றுளியாலும் வெட்டி, தாடியும் தொப்பியும் கொண்ட வேறொரு மனிதனாக மாற்றினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கோ இரவு தங்கும் இடத்துக்கோ அதைக் கொடுத்தார்கள். போ என்று அழைக்கப்பட்ட ஜார்ஜ் வாஷிங்டன் ஹியூஸும் அவருக்குக் கற்றுக்கொடுத்த பெர்ட் வீகண்டும் இதில் பெயர் பெற்றவர்கள். எந்திரம் ஒரே மாதிரியாக அச்சிட்டுத் தள்ளிய பொருளில் ஒரு கை தனக்கென ஒரு முகத்தை வெட்டி எடுப்பது என்ற வகையில், நாடோடி நாணயமும் கோல்ஃப் பந்து முகமும் ஒரே குலம்.

செய்முறை

முதல் வேலை பந்தைப் பிடித்து நிறுத்துவது. உருண்டைப் பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தி போட்டால் விரல் போய்விடும். ஒரு மரக்கட்டையில் பந்தின் விட்டத்துக்குச் சற்றுக் குறைவான துளை போட்டு, துளைவரை ஒரு வெட்டு வெட்டிக்கொள்வார்கள். பந்தைத் துளையில் வைத்துக் கட்டையை வைஸில் இறுக்கினால் அசையாது. வெட்டு படாத கையுறையும் கட்டைவிரல் உறையும் கட்டாயம்.

அடுத்தது ஓட்டை நீக்குவது. வேலையிலேயே கடினமான கட்டம் இது. ஓடு ஓரிரு மில்லிமீட்டர் கனம்தான், ஆனால் அடியைத் தாங்கவென்றே செய்த பொருள். முகம் வர வேண்டிய இடத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டமோ நீள்வட்டமோ வரைவார்கள். அதன்மேல் கத்தியை அல்லது சிறு ரம்பத்தைப் பல தடவை மெதுவாக ஓட்டி, உட்கருவின் நிறம் தெரியும்வரை கோடு ஆழமாக்கப்படும். பிறகு கோட்டின் ஓரத்தில் உளி நுனியைக் கொடுத்து நெம்பினால் ஓடு தகடாகப் பெயர்ந்து வரும். ஒரே மூச்சில் ஆழமாக வெட்ட முயன்றால் கத்தி குழிகளில் வழுக்கித் திசை மாறும்.

முகத்தில் முதலில் பிறப்பது மூக்கு. உருண்டையின் மிக மேடான இடம் மூக்கு நுனிக்கு. நுனிக்குக் கீழே ஒரு நேர்வெட்டும் அதை நோக்கி ஒரு சாய்வெட்டும் போட்டால் மேலுதட்டின் தளம் இறங்கும். புருவத்தின் அடியில் அதேபோல் வெட்ட மூக்கின் பாலம் தெரியும். இரு பக்கமும் கண்குழி தோண்டப்படும். பிறகு மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பு, கன்ன மேடு, வாய்க்கோடு என்ற வரிசை. இமைகளை வெட்டுவது கடைசியில்; இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் செய்ய வேண்டிய அந்த வேலையில்தான் முகம் தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்பது முடிவாகிறது. முடியும் தாடியும் வி வடிவ உளியால் கீறப்படுகின்றன. ரப்பரில் வெட்டு பிசகினால் ஒட்டவைப்பது கடினம். ஆகவே மூக்கையும் தாடையையும் முதலில் தாராளமாக விட்டுவைத்துப் பிறகு குறைப்பதே அனுபவசாலிகளின் வழி.

உப்புத்தாளோ சுழல் அரமோ போட்டுத் தேய்ப்பதை நல்ல கைக்காரர்கள் தவிர்க்கிறார்கள். ரப்பர் சூடேறி இழுபடும். நிரப்பிகள் கலந்த தூசி மூச்சில் போவதும் நல்லதல்ல. கத்தி வெட்டின் தளங்களே முகத்துக்கு மெருகு. அக்ரிலிக் வண்ணம் மெல்லிதாகப் பூசி, காய்ந்ததும் பழுப்பு வண்ணத்தைத் தடவித் துணியால் துடைத்தெடுத்தால் சுருக்கங்களில் மட்டும் நிழல் தங்கும். மஞ்சள், ஆரஞ்சு உட்கருவை வண்ணமே பூசாமல் விடுவோரும் உண்டு.

பந்து வரும் வழியும் வருமானமும்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் தொலையும் கோல்ஃப் பந்துகள் 30 கோடி என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. ஆடுகளக் குளங்களில் மூழ்கிப் பந்தெடுப்பது ஒரு தனித் தொழில். ஃப்ளோரிடாவில் முதலை இனங்கள் வாழும் குளங்களில்கூட முக்குளிப்போர் இறங்குகிறார்கள். கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் பகுதிக் கடலடியில் ஒரு பள்ளி மாணவி தொடங்கிய முயற்சியில், இரண்டே ஆண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட பந்துகள் எடுக்கப்பட்டன. அதன் ஆய்வு முடிவு 2019இல் வெளியானது. தேய்ந்து சிதையும் பந்திலிருந்து பிளாஸ்டிக் துகளும் துத்தநாகச் சேர்மங்களும் நீரில் கலக்கும் என்பதை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. செதுக்கும் போது உதிரும் சீவல்களைக் கூட்டி அள்ளிக் குப்பையில் சேர்க்க வேண்டும் என்பதற்கும் இதே காரணம் பொருந்தும். மீட்ட பந்துகளில் நல்லவை கழுவி மறுவிற்பனைக்குப் போகின்றன. கீறலும் கறையும் பட்டவை ஆட்டத்துக்கு உதவா; செதுக்குபவருக்கு அவையே சில்லறைக் காசுக்கோ இலவசமாகவோ கிடைக்கின்றன.

முடிந்த முகம் பல வடிவில் விலையாகிறது. கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை ஏற்றி வைக்கும் மரக்குச்சியின்மேல் நிறுத்திய மேசைப் பொம்மை, சாவிக்கொத்து, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் அணி, கைத்தடியின் தலை ஆகியவை வழக்கமானவை. கோல்ஃப் ஆடும் நண்பருக்குப் பிறந்தநாள் பரிசு தேடுபவர்களே முக்கிய வாடிக்கையாளர்கள். கூலிக் கணக்குப் போட்டால் இது கட்டுபடியாகும் தொழில் அல்ல. ஒரு முகத்துக்குப் பழகிய கைக்கே மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும். மலிவுப் பொம்மை விலைக்கு மேல் சந்தை எளிதில் கொடுக்காது. செலவு மிகக் குறைவு என்பதால்தான் சிறிது மிஞ்சுகிறது. அந்த மிச்சம் அடுத்த உளிக்கும், சந்தையில் மேசை வாடகைக்கும், பேரப்பிள்ளைகளின் கைக்கும் போகிறது. அமெரிக்க வருமான வரிச் சட்டம் பொழுதுபோக்கையும் தொழிலையும் பிரித்தே பார்க்கிறது. ஐந்தாண்டில் மூன்றாண்டு இலாபம் காட்டினால் தொழில் என்று கருதப்படும். பொழுதுபோக்கானாலும் வந்த பணத்தைக் கணக்கில் காட்டியாக வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய பயன் பயிற்சி. வரி இல்லாத, விலை இல்லாத பொருளில் மூக்கையும் கண்ணையும் பத்து முறை தவறாக வெட்டிப் பழகிவிட்டு, பதினோராவது முறை நல்ல மரத்தை எடுக்கலாம். முதியோர் கூடும் செதுக்குக் குழுக்களில் புதியவருக்கு இதைக் கொடுப்பது இதனால்தான். விரல்களுக்கு வேலையும் வாரம் ஒரு சந்திப்பும் அவர்களுக்குக் கூடவே கிடைக்கின்றன.

புதிய பந்துகள்

தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் 20ஆம் நூற்றாண்டு முடியும்வரை நூல் சுற்றிய பலாட்டாப் பந்தை விடவில்லை. 2000இல் டைகர் வுட்ஸ் திட உட்கருப் பந்தால் பெபிள் பீச்சில் அமெரிக்க ஓபன் போட்டியை 15 பந்தடிகள் வித்தியாசத்தில் வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் டைட்லிஸ்ட் நிறுவனத்தின் புரோ வி1 போட்டிகளுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நூல் பந்து வழக்கொழிந்தது. இப்போது களத்தில் கிடைக்கும் பந்துகள் ஏறக்குறைய எல்லாமே செதுக்கத் தக்கவை. பழைய பெட்டிகளிலிருந்து வெளிவரும் பந்துகளில் மட்டும் கவனம் வேண்டும். நூல் பந்து என்றால் கத்தி படக் கூடாது. கையால் கொத்திய குட்டாபெர்ச்சாப் பந்தோ இறகுப் பந்தோ என்றால் அது ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலர் பெறும் அரும்பொருள்.

புதிய பந்துகளின் உள்ளமைப்பு செதுக்குபவருக்கு மேலும் வசதியாகியிருக்கிறது. மேலே மெல்லிய யூரித்தேன் ஓடு, அதனடியில் கெட்டியான இடையடுக்கு, நடுவில் உட்கரு என்று மூன்றடுக்கு. சிலவற்றில் உட்கருவே இரண்டு அடுக்கு. அடுக்குகள் வெவ்வேறு நிறத்தில் அமையும்போது, வெள்ளை ஓட்டைத் தொப்பியாகவும் இடையடுக்கைத் தலைமுடியாகவும் உட்கருவை முகமாகவும் பிரித்து வண்ணமே இல்லாமல் வேலையை முடிக்கலாம். ஆழம் தெரிந்து வெட்ட வேண்டும் என்பதால், அதே ரகப் பந்து ஒன்றை முதலில் இரண்டாக அறுத்து, ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு கனம் என்று பார்த்துவிட்டே செதுக்கத் தொடங்குவது நல்லது.